சூரியன் முகத்தில் தேடிய மழை

கோதுமையின் விலைக்கும் சூரியனுடைய நிலைமைக்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று துணிந்து எழுதியவர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்து உலகப் புகழ் எய்தியிருந்த அந்த வானசாஸ்திரி, 1801-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியில் சமர்ப்பித்த ஒரு கட்டுரையில், சூரியனுடைய மேனியில் கரும்புள்ளிகள் அருகிப்போயிருந்த காலங்களில் இங்கிலாந்தில் கோதுமை விலை ஏறியிருந்ததாகவும், புள்ளிகள் அருகுவது சூரியனது வெப்பம் தணிவதற்கு அடையாளமாக இருக்கலாம் என்றும் தம் ஊகத்தை வெளியிட்டார். அக்காலத்து விமர்சகர்கள் அதைப் பரிகசித்தார்கள். ஆனால் அந்த ஊகத்தின் அடியில் இருந்த உணர்ச்சி பரிகசிக்கத் தக்கதன்று. 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் எரிகிற ஒரு பெருஞ்சுடருக்கும், சந்தையில் ஓர் ஏழைத் தாய் எண்ணிக் கொடுக்கும் காசுக்கும் இடையே அறுபடாத ஒரு சங்கிலி இருக்கிறது என்பதே அந்த உணர்ச்சி. சங்கிலி இருப்பது உண்மை. அதன் கண்ணிகள் எவை என்பதில்தான் ஹெர்ஷல் தவறினார். அவருக்குப் பின் வந்த ஒரு நூற்றாண்டும் தவறியது. அந்தத் தேடலின் முக்கியமான அத்தியாயம் ஒன்று நம்முடைய சென்னை மாகாணத்தில், அதுவும் பெரும் துயரத்தின் நடுவே எழுதப்பட்டது.

ஜெர்மனியில் டெஸ்ஸாவ் என்னும் ஊரில் மருந்துக்கடை நடத்தி வந்த ஹைன்ரிக் ஷ்வாபே, புதனுக்கும் உட்புறத்தில் ஏதேனும் ஒரு கிரகம் சூரியனைக் கடக்கிறதா என்று பார்ப்பதற்காக 1826 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் வரைந்து வந்தார். தேடிய கிரகம் அகப்படவில்லை. ஆனால் சூரியனுடைய கரும்புள்ளிகள் சுமார் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்குகின்றன என்ற செய்தியை 1843-இல் அவர் உலகத்துக்குத் தெரிவித்தார். இக்காலத்தில் அந்தச் சுழற்சி சராசரி பதினோர் ஆண்டு என்று நிர்ணயித்திருக்கிறார்கள். இந்த ஒரு கண்டுபிடிப்பு விஞ்ஞானிகளின் கற்பனையை எவ்வளவு தூரம் ஆட்கொண்டது என்பதை இன்று உணர்வது கடினம். மொரீஷியஸ் தீவில் மெல்ட்ரம் என்பவர் இந்துமகா சமுத்திரத்தின் புயல்களை எண்ணி அவை கரும்புள்ளிகளோடு கூடிக் குறைகின்றன என்று சொன்னார். ஜெவன்ஸ் என்னும் பொருளாதார அறிஞர் வியாபார நெருக்கடிகளைக்கூட அவற்றோடு முடிச்சுப் போட்டார். புயலும் வியாபாரமும் சூரியனுக்கு அடங்கியவையானால், மழை ஏன் அடங்காது?

அந்தக் கேள்வி வெறும் கல்விக் கேள்வியாக இல்லாமல் உயிர்க்கேள்வியாக மாறியது தாது வருஷத்தில். 1876-ஆம் ஆண்டின் தென்மேற்குப் பருவம் தக்காணத்தை ஏமாற்றியது. ஐப்பசி கார்த்திகையில் வந்து நம் ஏரிகளை நிரப்ப வேண்டிய வடகிழக்குப் பருவமும் வராமல் போயிற்று. மறு ஆண்டின் தென்மேற்குப் பருவம் மீண்டும் பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் வாயில் இரண்டு தலைமுறைகளுக்கு அச்சத்தோடு வழங்கிவந்த அந்தக் க்ஷாமத்தில், இந்தியா முழுவதிலும் மடிந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு, பெல்லாரி முதலிய ஜில்லாக்கள் அதன் கோரத்தை முழுவதும் அனுபவித்தன. பிழைக்க வழியற்றவர்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குத் திரள் திரளாகக் கப்பல் ஏறினார்கள். சென்னை நகரத்தில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்ட கால்வாய் இன்றும் பக்கிங்ஹாம் என்ற கவர்னரின் பெயரைத் தாங்கி ஓடுகிறது. அதை வெட்டிய கைகளின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.

அப்பொழுது வெளிவந்த ஒரு சிறு நூலை இங்கே குறிப்பிட வேண்டும். வில்லியம் வில்சன் ஹண்டர் என்ற அதிகாரி, சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் 1813 முதல் குறித்துவைத்திருந்த மழைக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்து, கரும்புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழையும் குறைகிறது, ஆகையால் தென்னிந்தியாவில் வறட்சி ஒரு சுழற்சியாகவே வருகிறது என்ற முடிவை வெளியிட்டார். சூரிய ஆராய்ச்சியில் பெயர்பெற்ற நார்மன் லாக்கியரும் அவரும் சேர்ந்து 1877-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், கரும்புள்ளிகளும் பஞ்சங்களும் என்னும் பொருள் பற்றி விரிவாக எழுதினார்கள். இவர்களுடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. பஞ்சம் வருவதை முன்கூட்டி அறிந்தால் உயிர்களைக் காக்கலாம் என்பதே அவர்கள் கருத்து. ஆயினும் அந்த வாதம் பரவிய காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது என்பதையும், நிவாரண முகாம்களில் நாள் முழுதும் மண் சுமந்த ஓர் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று இந்திய அரசாங்கத்தின் பஞ்சப் பிரதிநிதியான ரிச்சர்டு டெம்பிள் கூலி நிர்ணயித்தார் என்பதையும், மாகாணத்துச் சுகாதாரக் கமிஷனரான கார்னிஷ் அந்த அளவு மனித உடலைத் தாங்காது என்று மன்றாடினார் என்பதையும் மறந்துவிட்டு அந்தக் கட்டுரையைப் படிக்க என்னால் இயலவில்லை. மழை நின்றதற்குக் காரணம் வானத்தில் இருக்கலாம். இருந்த தானியம் பசித்தவன் வாய்க்கு எட்டாமல் போனதற்குக் காரணம் வானத்தில் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியது அக்காலத்தின் பெரும் பிழை.

இருப்பினும் அந்தத் துயரத்திலிருந்து ஒரு நல்ல காரியம் பிறந்தது. பருவமழையின் மர்மத்தை அறியச் சூரியனை இடைவிடாமல் ஆராயவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, பழனி மலைத்தொடரில் 2,300 மீட்டருக்கு மேலான உயரத்தில், தூசும் புகையும் தீண்டாத காற்று வீசும் கோடைக்கானலில் சூரிய ஆராய்ச்சி நிலையம் ஸ்தாபிக்கப்பட்டது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர், முன்பு சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் பௌதிகம் போதித்த மிச்சி ஸ்மித். 1895-இல் கவர்னர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்ட, 1899-இல் நுங்கம்பாக்கத்துப் பழைய நிலையத்தின் வானசாஸ்திர வேலைகள் அங்கே குடிபெயர்ந்தன. 1909-இல் ஜான் எவர்ஷெட் என்பவர், கரும்புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வாயுக்கள் பரவி ஓடுவதை அந்த மலையிலிருந்தே கண்டறிந்தார். உலகத்துச் சூரிய சாஸ்திர நூல்களில் அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அங்கே நாள்தோறும் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்துவைத்த கண்ணாடித் தகடுகளும் படச்சுருள்களும் உலகில் வேறு சில இடங்களில் மட்டுமே காணக்கூடிய ஒரு தொடர்ச்சியான சரித்திரம். பஞ்சத்தில் மடிந்தவர்களுக்கு நாம் எழுப்பிய ஞாபகச் சின்னம் வேறொன்றும் இல்லாத நிலையில், இந்த நிலையத்தையே அப்படி ஒன்றாக நான் எண்ணிக்கொள்வதுண்டு.

ஆனால் அங்கே தேடிய விடை அங்கே கிடைக்கவில்லை. கரும்புள்ளிகள் மிகும்போதும் குறையும்போதும் சூரியனிடமிருந்து வரும் சக்தி மாறுகிறதா என்றால், மாறத்தான் மாறுகிறது. 1978 முதல் செயற்கைக் கோள்களில் கருவிகளை ஏற்றி அளந்து பார்த்ததில், அந்த வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே என்று தெரியவந்தது. காற்று மண்டலத்துக்கு வெளியே சூரியனுக்கு நேர் முகமாக ஒரு சதுர மீட்டர் பலகையை ஏந்திப் பிடித்தால் அதன்மேல் விழும் சக்தி 1,361 வாட். பதினோர் ஆண்டுச் சுழற்சி முழுவதும் அது ஒன்றிரண்டு வாட் அளவுதான் ஏறி இறங்குகிறது. கோயம்புத்தூரிலும் சேலத்திலும் பூமியைப் பிளந்துபோகச் செய்த வறட்சியை அந்த ஒன்றிரண்டு வாட்டின்மேல் சுமத்த முடியாது. சூரியன் 1877-இலும் ஏறக்குறைய முன் ஆண்டுகளில் கொடுத்ததையே கொடுத்தது. வந்து சேர்ந்த பிறகு அது எப்படிப் பங்கிடப்பட்டது என்பதில்தான் வித்தியாசம்.

பங்கீட்டைச் சற்று நிதானமாகக் கவனிப்போம். பகல் இரவு, துருவம் மத்தியரேகை எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் பூமியின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 340 வாட் கிடைக்கிறது. அதில் பத்தில் மூன்று பங்கை மேகங்களும் பனிப்பரப்பும் வெண்மணலும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதியில் ஒரு பகுதியைக் காற்று மண்டலம் பருகிக்கொள்ள, பெரும்பகுதி தரையையும் கடலையும் வந்தடைகிறது. பூமியில் கடலே பெரிது. கடலில் வெப்பம் தங்கும் அளவோ மிகப் பெரிது. சமுத்திரத்தின் மேல் மூன்று மீட்டர் தண்ணீர் அடக்கி வைத்திருக்கும் உஷ்ணம் அதற்கு மேலே உள்ள காற்று மண்டலம் முழுவதும் அடக்கி வைத்திருக்கும் உஷ்ணத்துக்குச் சமம். இந்த ஒரு செய்தியே போதும், காற்றைக் கடல் ஆள்கிறதே அன்றிக் கடலைக் காற்று ஆள்வதில்லை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் ஒன்றை ஒன்று ஆள்கின்றன. அதைப் பிறகு பார்ப்போம்.

தரையும் கடலும் வாங்கிக்கொண்ட சக்தியில் ஏறக்குறையப் பாதி, தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. ஒரு படி தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டிய உஷ்ணத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல் உஷ்ணம் அதை ஆவியாக்குவதற்கு வேண்டியிருக்கிறது. அந்த உஷ்ணம் அழிந்துவிடுவதில்லை. தெர்மாமீட்டருக்கும் தட்டுப்படாமல் ஆவிக்குள் மறைந்து நின்று, ஆயிரம் இரண்டாயிரம் மைல் பிரயாணம் செய்து, மேகமாகத் திரண்டு துளியாகும் கணத்தில் மறுபடி வெளிப்பட்டுச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி மேலே உந்துகிறது. உந்தப்பட்ட காற்று எழுந்த இடத்தில் வெற்றிடம் நேராதபடி சுற்றுப்புறத்துக் காற்று ஓடி வருகிறது. ஓடி வருவது மேலும் ஆவியைக் கொண்டுவருகிறது. ஆகவே மழை என்பது காற்று செய்யும் காரியம் என்று சொல்வதுபோலவே, காற்று என்பது மழை செய்யும் காரியம் என்றும் சொல்லலாம். தென்மேற்குப் பருவக்காற்றின் பலத்தில் பெரும்பகுதி, கேரளத்திலும் வங்காள விரிகுடாவிலும் பெய்கிற மழையே அதற்கு அளிக்கும் பலம்.

இந்தக் காற்றின் பாதையை ஒருமுறை தொடர்ந்து போனால், சூரியனுடைய ஒரே சக்தி எத்தனை வேஷங்கள் தரிக்கிறது என்பது விளங்கும். வைகாசியில் வடமேற்கு இந்தியாவின் நிலமும் திபெத்துப் பீடபூமியும் காய்ந்து சூடேற, தெற்கே மடகாஸ்கர் பக்கத்துக் கடலிலிருந்து புறப்படும் காற்று, ஆப்பிரிக்காவின் கீழைக் கரையோரம் மலைச்சுவரை ஒட்டி வடக்கே திரும்பி, சோமாலியாவைத் தாண்டியதும் அரபிக்கடலின் குறுக்கே நம்மை நோக்கி ஓடி வருகிறது. அப்படி ஓடும்பொழுது சோமாலியக் கரையோரத்து மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளிவிடுவதால், அடியில் இருளில் கிடந்த குளிர்ந்த நீர் மேலே வருகிறது. கேரளக் கரையோரமும் இதே மாதிரி, சற்று மிதமாக, நிகழ்கிறது. அடிநீரோடு கூடவே, செத்து அமிழ்ந்த உயிர்களிலிருந்து பல காலமாகத் தேங்கியிருந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளிச்சத்துக்கு வருகின்றன. சூரிய ஒளியும் உரமும் ஒரே இடத்தில் கூடியவுடன், கண்ணுக்குப் புலப்படாத கடற்பாசி நுண்ணுயிர்கள் கோடானுகோடியாய்ப் பல்கி, மழை மாதங்கள் கழிந்ததும் மத்தி மீன் கூட்டம் கூட்டமாய்க் கரைக்கு வருகிறது. பருவம் தவறினால் வயலில் நெல் குறைவதோடு வலையில் மீனும் குறையும். கொச்சியிலோ கோழிக்கோட்டிலோ மத்தி வாங்கும் ஒருவர் தம் கையில் வைத்திருப்பது, சூரியன் திபெத்தையும் ராஜஸ்தானத்தையும் காய்ச்சியதன் பலன் என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சு ஆகாது.

அதே காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து கொட்டும் மழைதான், நீலகிரியிலும் ஆனைமலையிலும் அகத்தியர் மலையிலும் சோலைக் காடுகளின் அடிமண்ணில் ஊறி நின்று, கோடையிலும் வற்றாத ஓடைகளாகக் கசிகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கிய காற்று வறண்டு, ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் மரங்களைச் சாய்த்துக்கொண்டு விரைந்து, முப்பந்தலில் நட்டிருக்கும் காற்றாடி ஆலைகளைச் சுழற்றி மின்சாரமாகிறது. பச்சையிலைகள் சூரிய ஒளியிலிருந்து பிடித்துவைப்பது பூமிக்கு வந்த சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே ஆயினும், அந்த ஒரு பங்கின்மேல்தான் யானை முதல் எறும்பு வரையிலான சகல ஜீவராசிகளும் நிற்கின்றன. அந்தப் பங்கிலும் மிகச் சிறியதொரு துணுக்குச் சேற்றில் புதையுண்டு யுகக்கணக்கில் கிடந்து நிலக்கரியாயிற்று. 1877-இல் தானிய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடிய ரயிலின் கொப்பரையில் எரிந்த விறகும் நிலக்கரியும், அந்த மூட்டைக்குள் இருந்த மணிகளும், அவற்றைச் சுமந்த மனிதனின் வற்றிய தசையும் வெவ்வேறு காலத்துச் சூரிய ஒளி.

இனி, கடலும் காற்றும் ஒன்றை ஒன்று ஆள்கின்றன என்று சொன்னதற்கு வருகிறேன். இதைக் கண்டறிவதற்கு முதல் வழி காட்டியவர், சூரியனைப் பார்க்காமல் கணக்குப் புத்தகங்களைப் பார்த்தவர். 1875-இல் ஏற்படுத்தப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, 1884-இல் இமயமலைப் பனிக்கும் அடுத்து வரும் பருவமழைக்கும் தொடர்பு காட்டிப் பூமியின் பக்கம் திரும்பியிருந்தார். ஆனாலும் 1899-இல் மழை மறுபடி பொய்த்து மறுபடி பஞ்சம் வந்தது. 1904-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதன்மை பெற்றவர். வானிலை சாஸ்திரம் முன்பின் பயிலாதவர். சென்னையில் ஒரு குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுடைய நோட்டுப் புத்தகத்தை 1913-இல் பார்த்துவிட்டு, சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு உதவித்தொகை அளிக்க வேண்டுமென்று சிபாரிசு எழுதியவர்களில் இவர் ஒருவர் என்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. எண்களுக்குள் ஒழுங்கைக் காணும் கண் இருந்ததனால்தான் அந்த நோட்டின் பெருமை இவருக்குத் தெரிந்தது. பூமியின் காற்றழுத்தக் கணக்குகளிலும் அதே கண் வேலை செய்தது.

வாக்கர் முதலில் கரும்புள்ளிகளையே சோதித்தார். சோதித்ததில் அவற்றுக்கும் மழைக்கும் நம்பத் தகுந்த பந்தம் இல்லையென்று கண்டு அவற்றை ஒதுக்கினார். பிறகு உலகத்தின் பல துறைமுகங்களிலிருந்தும் காற்றழுத்தம், மழை, உஷ்ணம் ஆகிய குறிப்புகளைச் சேகரித்து, குமாஸ்தாக்களைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் பெருக்கியும் வகுத்தும் பார்த்தபோது, ஒரு விசித்திரமான ஊசலாட்டம் தென்பட்டது: பசிபிக் மகாசமுத்திரத்தின்மேல் அழுத்தம் ஏறினால், ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை பரந்த இந்துமகா சமுத்திரத்தின்மேல் அது இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. இங்கே ஏறிய ஆண்டுகளில் நமது பருவமழை மெலிகிறது. இதற்கு அவர் தென்னுலக அலைவு என்னும் பொருள்படப் பெயரிட்டு 1924-இல் வெளியிட்டார். ஏன் அப்படி அசைகிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. காரணம் சொல்ல முடியாத எண்களை யார் நம்புவார்கள்? உலகம் அவற்றைப் பெரும்பாலும் மறந்தது.

காரணத்தைச் சொன்னவர், ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜேக்கப் பியர்க்னெஸ். அவருடைய கட்டுரை வந்தது 1969-இல். பெரு நாட்டு மீனவர்கள் நெடுங்காலமாக ஒன்றை அறிந்திருந்தார்கள். சாதாரணமாக அவர்கள் கரையில் கடல் குளிர்ந்தே இருக்கும், நெத்திலி இனத்து மீன் அளவின்றிக் கிடைக்கும். ஆனால் சில ஆண்டுகளில், கிறிஸ்துமஸ் காலத்தையொட்டி, வெதுவெதுப்பான நீர் வந்து சூழ்ந்துகொள்ளும், மீன் மறைந்துபோகும், மீனைத் தின்னும் கடற்பறவைகள் பட்டினியால் மடியும். குழந்தை ஏசு பிறந்த காலத்தில் வருவதனால் அதை எல் நினோ என்று அவர்கள் அழைத்தார்கள். பியர்க்னெஸ் அந்த மீனவர்களின் சொல்லையும் வாக்கரின் எண்களையும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்களாகக் கண்டார். வழக்கமான ஆண்டுகளில் கீழ்த்திசைக் காற்று பசிபிக்கின் வெந்த மேல்நீரை மேற்கே தள்ளிக் குவிக்கிறது. அந்தக் குவியலால் இந்தோனேஷியப் பக்கத்துக் கடல்மட்டம் பெருப் பக்கத்தைவிட அரை மீட்டர் அளவு உயர்ந்து நிற்கிறது. வெந்நீர் உள்ள இடத்தில் காற்று எழுந்து மழை கொட்டுகிறது. எழுந்த காற்று உயரத்தில் கிழக்கே போய்த் தண்ணீர் குளிர்ந்த இடத்தில் இறங்கி, மறுபடி மேற்கு நோக்கி வீசி, நீரைத் தள்ளும் வேலையைத் தொடர்கிறது. காற்றினால் கடல், கடலினால் காற்று. ஏதோ ஒரு காரணத்தால் காற்றுச் சற்றுத் தளர்ந்தால், குவிந்த வெந்நீர் கிழக்கே வழிந்தோட, எழும் இடமும் கூடவே கிழக்கே நகர, காற்று மேலும் தளர்கிறது. எழும் இடம் நகர்ந்தால் இறங்கும் இடமும் நகரவேண்டும் அல்லவா? இறங்கும் காற்றில் மேகம் திரளாது. அந்த இறக்கம் இந்தோனேஷியாவின்மேலும் நம்முடைய தேசத்தின்மேலும் வந்து அமரும் ஆண்டுகளில், ஆனி ஆடியில் வானம் வெளுத்துக் கிடக்கிறது.

பெரிய ஏரி நிறைந்து நின்றாலும், எந்த மடையை எப்பொழுது திறப்பது என்று நீர்ப்பாய்ச்சி செய்யும் முடிவினால் ஒரு வயல் நனைந்து மறு வயல் காய்வதுபோல, குறைவின்றி வரும் சூரிய சக்தியைக் கடல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிவிடுகிறது. 1877-ஆம் ஆண்டில் பசிபிக்கில் எழுந்தது, நமக்குத் தெரிந்தவற்றுள் மிகக் கடுமையான எல் நினோக்களில் ஒன்று. அந்த ஆண்டில் சீனத்தின் வட மாகாணங்களிலும் மழை இல்லை. பிரேசிலின் வடகிழக்கில் சியாரா மாகாணத்து மக்கள் வறட்சியால் ஊரைவிட்டு ஓடினார்கள். சேலத்தில் மடிந்தவனும் சியாராவில் மடிந்தவனும் ஒருவரையொருவர் அறியார். ஒரே வெந்நீர்ப் பரப்பு இருவர் வயலையும் உலர்த்தியது. ஹண்டரும் லாக்கியரும் தொலைநோக்கியைத் திருப்பிய திசைக்கு நேர் எதிர்த் திசையில், கால் கீழே, உலகத்தின் மறுபுறத்துத் தண்ணீரில், அவர்கள் தேடியது இருந்தது.

இதையும் அளவுக்கு மீறி எளிமையாக்கிவிடக் கூடாது. 1997-இல் மிகப் பலமான எல் நினோ வந்தும் இந்தியாவில் தென்மேற்குப் பருவம் குறையவில்லை. 1999-இல் ஸஜி, கோஸ்வாமி, விநயசந்திரன், யமகட்டா ஆகிய விஞ்ஞானிகள், இந்துமகா சமுத்திரத்துக்கே உரிய ஒரு கிழக்கு மேற்கு ஊசலாட்டம் இருப்பதை எடுத்துக்காட்டினார்கள். சுமத்திராப் பக்கத்துக் கடல் குளிர்ந்து ஆப்பிரிக்கப் பக்கம் சூடேறிய ஆண்டுகளில் நமக்கு மழை ஆதரவு கிடைப்பதுண்டு. 1997 அத்தகைய ஆண்டு. மேலும், தென்மேற்குப் பருவத்தைக் கெடுக்கும் அதே எல் நினோ, வடகிழக்குப் பருவத்தைப் பல முறை வலுப்படுத்துகிறது. 1877-இன் பிற்பகுதியில் மழை திரும்பியது. 2015-இல் நாட்டின் பல பகுதிகளில் பருவம் பொய்த்தபின், நவம்பர் டிசம்பரில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மூழ்கின.

இவ்வளவு வேஷங்கள் தரித்த பிறகு அந்தச் சக்தி எங்கே போகிறது? மீனாகவும் நெல்லாகவும் புயலாகவும் ஓடையாகவும் உலாவிய அத்தனையும் இறுதியில் மந்த உஷ்ணமாகி, இரவிலும் பகலிலும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக ஆகாயத்துக்கே திரும்பிவிடுகிறது. வாங்கியது எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவையும் பூமி திருப்பிக் கொடுத்துவிடுகிறது; கொடாவிட்டால் வெந்து போயிருப்போம். அப்படியானால் நாம் சூரியனிடமிருந்து பெறுவது என்ன? 1886-இல் வியன்னாவில் நிகழ்த்திய ஓர் உரையில் லுட்விக் போல்ட்ஸ்மான், உயிர்களின் போராட்டம் சக்திக்காக நடப்பதன்று என்றும், சூடான சூரியனிலிருந்து குளிர்ந்த பூமிக்குச் சக்தி இறங்கி வரும் அந்த இறக்கத்தைப் பயன்படுத்திக்கொள்வதற்கே நடப்பது என்றும் விளக்கினார். சூரியனிலிருந்து வரும் ஒளித்துகள் ஒன்றுக்கு ஈடாகப் பூமி சுமார் இருபது மெலிந்த துகள்களைத் திருப்பி அனுப்புகிறது. அளவில் சமம், தரத்தில் தாழ்வு. அந்தத் தாழ்வின் இடைவெளியில்தான் பருவக்காற்று வீசுகிறது, மரம் வளர்கிறது, பசித்தவன் உண்கிறான். போல்ட்ஸ்மானின் இந்தக் கருத்தை விஞ்ஞானம் நமக்கு அளித்த மிக உயர்ந்த தரிசனங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

அந்தச் சமன் இப்பொழுது சற்றே சாய்ந்திருக்கிறது. யுகக்கணக்கில் புதைந்து கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் சில தலைமுறைகளில் எரித்துவிட்டபடியால் காற்றில் கரியமில வாயு மிகுந்து, வெளியேற வேண்டிய உஷ்ணத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 வாட் அளவு வெளியேறாமல் தங்கிவிடுகிறது. கரும்புள்ளிச் சுழற்சியால் பூமிக்கு நேரும் ஏற்றத்தாழ்வைக் காட்டிலும் இது சில மடங்கு பெரிது. அதுவும் ஏறி இறங்காமல் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போவது. இன்றைய வெப்ப உயர்வுக்குச் சூரியனே பொறுப்பு என்று சொல்வோருக்குக் கோடைக்கானலின் பழைய தகடுகளும், மற்ற நிலையங்களின் அதுபோன்ற குறிப்புகளும், செயற்கைக் கோள்களின் அளவைகளும் தக்க மறுமொழி. சூரியனிடத்தில் அதற்கு ஈடான மாறுதல் எதுவும் காணப்படவில்லை. தங்கிய உஷ்ணத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் போயிருக்கிறது. ஆகையால் பங்கிடும் அதிகாரமுள்ள கடலே மாறிவருகிறது. அரபிக்கடல் சூடேறிப் பலத்த புயல்களைப் பிறப்பிக்கத் தொடங்கியிருக்கிறது.

இன்று சமுத்திரங்களில் ஏறக்குறைய நாலாயிரம் மிதவைக் கருவிகள் தாமாகவே 2,000 மீட்டர் ஆழம் வரை மூழ்கி எழுந்து, ஒவ்வோர் ஆழத்திலும் உள்ள உஷ்ணத்தையும் உப்பையும் செயற்கைக் கோள்களுக்குச் சொல்லி வருகின்றன. அவற்றைக் கொண்டு தென்மேற்குப் பருவத்தை முன்கூட்டிக் கணிப்பதில் நல்ல முன்னேற்றம் கண்டிருக்கிறோம். ஆனால் தேசத்தின் பெரும்பகுதிக்கு மழை தருவது அந்தப் பருவம் என்பதால் ஆராய்ச்சியின் சிரத்தையும் பெரும்பாலும் அதன்மேலேயே சென்றிருக்கிறது. தமிழ்நாட்டின் ஏரிகளும் கிணறுகளும் எதிர்நோக்கியிருக்கும் வடகிழக்குப் பருவமோ, வங்காள விரிகுடாவில் திடீரென உருவாகும் சில புயற்சின்னங்களின் போக்கையே பெரிதும் நம்பியிருப்பதால், கணிப்பதற்கும் கடினமாயிருக்கிறது, கவனிக்கப்படுவதும் குறைவாயிருக்கிறது. 1876-இன் ஐப்பசியில் வராமல் போன மழை எதனால் வரவில்லை என்பதற்கு, மறு ஆண்டின் எல் நினோவைக் காட்டி விடை சொல்லிவிட முடியாது. அந்த ஐப்பசிக்குத் தனியே ஒரு காரணம் இருக்கவேண்டும். சென்னையின் இருநூறு ஆண்டு மழைக் குறிப்புகளும், விரிகுடாவின் பழைய கப்பல் குறிப்பேடுகளும், இன்றைய மிதவைகளின் அளவைகளும் ஒருங்கே கையில் இருக்கும் இந்தக் காலத்தில், அந்தக் காரணத்தைத் தேடும் வேலையை நம்முடைய சர்வகலாசாலைகளில் ஒன்றேனும் தன் தலைமேல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.